டென்னிஸ் மாமா தேடிய பெட்டி

எங்கள் டென்னிஸ் மாமாவைத் திருடன் என்று பன்னிரண்டு வருடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்துவிட்டது.

அவர் என் அக்கா செல்வமேரியின் புருஷன். தண்டலத்தில் பெங்களூர் ரோட்டோரமாகத் தகர ஷீட் போட்ட பட்டறை. லாரி கியர் பாக்ஸ்களைப் பிரித்து மாட்டுவது தொழில். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. சோறு தின்றுகொண்டிருக்கும்போது ரோட்டில் ஒரு லாரி முனகிக்கொண்டு போனால், தலையைத் தூக்காமலே "மூணாவது கியரு போச்சு" என்பார். நான் ஒரு முறை சைக்கிளில் துரத்திப் போய் டிரைவரைக் கேட்டேன். மூணாவதுதான். அந்த மாதிரிக் காதுள்ள மனிதனுக்கு, ஒரே பெஞ்சில் பக்கத்தில் நின்றவன் மனசில் என்ன ஓடியது என்பது மட்டும் கேட்கவே இல்லை.

இரவல் விஷயத்தில் அவர் மகா கறார். ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுக்க மாட்டார், வாங்கவும் மாட்டார். பக்கத்துப் பட்டறைக்காரன் அவசரத்துக்கு ஸ்பேனர் கேட்டு வந்தால், தானே எழுந்து போய் அவன் வேலையைச் செய்து கொடுத்துவிட்டு வருவாரே தவிர, ஸ்பேனர் கை மாறாது. ஊர் அதைக் கஞ்சத்தனம் என்றது. நான் வேறு பெயர் வைத்திருந்தேன். திருடனுக்குத்தானே எவனைப் பார்த்தாலும் திருடனாகத் தெரியும் என்று.

விஷயம் 1979-இல் நடந்தது. அப்போது அவர் மவுண்ட் ரோட்டில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் பட்டறையில் கியர் பாக்ஸ் மெக்கானிக். ஒவ்வொரு மாடல் காருக்கும் சீமையிலிருந்து வந்த தனிக் கருவிகள் அங்கே உண்டு. அதெல்லாம் கம்பி வலை போட்ட டூல் ஸ்டோருக்குள் இருக்கும். மெக்கானிக் ஒவ்வொருவருக்கும் தன் நம்பர் வெட்டிய ஆறு பித்தளை டோக்கன். டோக்கனைக் கொடுத்தால் கருவி வரும். கருவி இருந்த இடத்து ஆணியில் டோக்கன் தொங்கும். கருவி திரும்பினால் டோக்கன் திரும்பும். மாமாவின் நம்பர் முப்பத்தொன்று.

சட்டம் என்று போட்டால் நம் ஆட்கள் அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்காமல் விடுவார்களா? மாமாவின் பெஞ்சில் ஐந்து பேர். ஐந்து பேருடைய டோக்கன்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் மொத்தமாகப் போட்டுவைத்தார்கள். ஸ்டோருக்குப் போகிறவன் கைக்கு எது வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு போவான். யார் டோக்கனாக இருந்தால் என்ன, கருவி திரும்பி வரத்தானே போகிறது? பத்து வருடம் அப்படியே நடந்தது. ஒரு சின்ன ஆணிகூடக் குறையவில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்களாம், எங்கள் பெஞ்சில் அவனுது இவனுது கிடையாது என்று.

ஒரு திங்கட்கிழமை காலை போனபோது கேட் பூட்டியிருந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து உள்ளே கணக்கெடுத்தபோது மோரிஸ் பெட்டியைக் காணோம். பழைய மோரிஸ் மைனர், அதாவது நம் ஊரில் பேபி ஹிந்துஸ்தான் என்று ஓடிய கார், அதன் கியர் பாக்ஸுக்கான கருவிப் பெட்டி. ஆணியில் தொங்கிய டோக்கன் முப்பத்தொன்று.

ஐந்து பேரையும் நிற்கவைத்துக் கேட்டார்கள். ஐந்து பேரும் நான் இல்லை என்றார்கள். அதில் பலராமன் என்பவர் மட்டும் ஒரு படி மேலே போய், "டென்னிஸ் அந்த மாதிரி ஆள் இல்ல சார், நான் சத்தியம் பண்றேன்" என்று மேனேஜரிடம் சொன்னாராம். அந்தப் பரிந்துரையால் போலீஸுக்குப் போகாமல் விட்டார்கள். ஆனால் மாமாவின் சர்வீஸ் சர்டிபிகேட்டில் ஒரு வரி எழுதினார்கள்: 'கம்பெனி கருவி இழப்புக்குப் பொறுப்பானவர்.' அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு மெட்ராஸில் ஒரு பட்டறையும் அவரை உள்ளே விடவில்லை. பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மாமனார் ஊரான தண்டலத்துக்கு வந்தார். அப்போது எனக்கு இருபது வயசு. நெருப்பில்லாமல் புகையுமா என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டேன். தீர்ப்பு எழுதுவதற்கு என்ன செலவு?

அக்கா அப்படி இல்லை. அவள் அவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. நீங்கள் எடுத்தீர்களா என்று மட்டும் அல்ல, எப்படிக் காணாமல் போச்சு என்றுகூடக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி வைப்பாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார். "ஒரு இரும்புப் பொட்டிக்கு இத்தினி மெழுகுவத்தியா" என்று நான் கிண்டல் பண்ணினால், "பொட்டி இன்னாத்துக்குடா எனக்கு? எடுத்தவன் மூஞ்சி தெரியணும்" என்பாள்.

மாமாவும் தேடினார். அதை அவர் தேடிய விதம் எனக்கு அப்போது புரியவில்லை. பேபி ஹிந்துஸ்தான் கியர் பாக்ஸ் வேலை யார் கொண்டுவந்தாலும் தட்ட மாட்டார். லாபமே இல்லாத வேலை. ஆனால் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, "இதுக்குத் தனி டூல்ஸ் வேணும்" என்று கிளம்பிவிடுவார். புதுப்பேட்டை, வேலூர், ஒரு முறை பெங்களூர்வரைகூட. பட்டறை பட்டறையாக ஏறி, "மோரிஸ் பொட்டி யார் கிட்டயாவது கீதா?" என்று விசாரிப்பார். இல்லை என்று தெரிந்ததும் திரும்பிவந்து தன் கையால் செய்த கருவிகளைவைத்தே வேலையை முடித்துவிடுவார். ஊசி மாதிரி ரோலர்கள் சரியாமல் இருக்க உள்ளே நுழைக்கும் டம்மி ஷாஃப்டை லேத்தில் கடைந்து வைத்திருந்தார். ஸ்பிரிங்கையும் குண்டுகளையும் அமுக்கிப் பிடிக்கும் வளையம் இல்லாமல் அந்த கியரைப் பூட்டவே முடியாது, குண்டு தெறித்துக் கூரையில் போய் அடிக்கும். அந்த வளையத்தையும் பழைய பேரிங் ஓட்டில் செய்து வைத்திருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஏன் இந்த மனுஷன் நெய்க்கு அலைகிறார், இல்லாததைத் தேடுகிற மாதிரி நமக்கு வேஷம் காட்டுகிறாரா என்றுதான் நான் நினைத்தேன். அவர் தேடியது கருவியை அல்ல, அதை எடுத்த கையை. இது ஒரு மாட்டுக்குக்கூடப் புரிந்திருக்கும்.

1991 ஜூன் மாதம். காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற கண் டாக்டர் ஒருவர் தன் பேபி ஹிந்துஸ்தானை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இரண்டாவது கியர் போட்டால் குதித்து வெளியே வருகிறது. மாமா வழக்கம்போலப் பிரித்தார், வழக்கம்போலப் புதுப்பேட்டைக்குப் போனார். அங்கே பழைய சாமான் விற்கிற ஒருவர், "மோரிஸ் பொட்டியா? வாலாஜாபாத்ல ஒருத்தர் கிட்ட கீது. கேக்கறவங்களுக்கு இரவல் குடுப்பாரு" என்று சொல்லியிருக்கிறார். பெங்களூர்வரை போய்த் தேடிய மனுஷனுக்கு, பெட்டி வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தது. மறுநாள் காலையிலேயே அவர் வாலாஜாபாத்துக்குக் கிளம்பினார். எங்கே போகிறார் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நான் அப்போது ஒரகடம் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன போல்ட் கம்பெனியில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து, வாலாஜாபாத்திலிருந்து வந்த பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறினேன். முன்பக்கம் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டி. அவர் என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் நானும் கூப்பிடவில்லை.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த குண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் எல்லாம் போலீஸுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்குள் நுழையும் முன்பே பஸ்ஸை நிறுத்தினார்கள். இரண்டு கான்ஸ்டபிள்கள் ஏறினார்கள். மாமாவின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே குழாய், வளையம், பல் வைத்த இரும்புத் துண்டுகள். அந்த வருடம் அதையெல்லாம் பார்த்தால் எந்தப் போலீஸ்காரனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

"இன்னாய்யா இது, பைப்பு, ஸ்பிரிங்கு?"

"கியர் பாக்ஸ் டூல்ஸ் சார். மெக்கானிக் நான்."

"பொட்டி மேல ஏதோ கம்பெனி பேரு குத்திக் கீது. யாருது இது?"

பஸ்ஸே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"என்னுதுதான் சார்" என்றார்.

"எங்க வாங்கின? எப்ப வாங்கின?"

"பன்னெண்டு வருஷமா என்கிட்டதான் சார் கீது."

கான்ஸ்டபிள் அவர் பெயரையும் ஊரையும் குறித்துக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பன்னிரண்டு வருடமாக நான் எழுதிவைத்த தீர்ப்பைக் குற்றவாளியே எழுந்து நின்று படித்துக்காட்டினால் எப்படி இருக்கும்? சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, மெட்ராஸ் போகிற ஒரு கம்பெனி வேனில் தொற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் தண்டலம் வந்து சேர்ந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாமா கையில மோரிஸ் பொட்டி கீது."

"எந்தப் பொட்டி?"

"நீ மெழுகுவத்தி வெக்கிறியே, அந்தப் பொட்டி. போலீஸ்காரன் கேட்டான். என்னுதுதான்னாரு. பன்னெண்டு வருஷமா வெச்சிகினுகீறேன்னாரு."

"நீ சரியா கேட்டியாடா?"

"என் ரெண்டு காதால கேட்டேன். பஸ்ஸே கேட்டுச்சு."

அவள் கையில் இருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

முக்கால் மணி நேரத்தில் மாமா வந்தார். பெட்டி தோளில் இருந்தது. நான் என் வயசுக்கு அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் நின்றார். பெட்டியை அக்காவின் முன்னால் இறக்கி, தோளிலிருந்த துண்டால் அதன் மேல்மூடியைத் துடைத்தார்.

"மேரி, இங்க பாரு" என்றார்.

அக்கா மூடியின் மேல் குத்தியிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தாள். அவர் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் கேட்டுவிட்டாள்.

"நீங்கதான் எடுத்தீங்களா?"

துண்டு பிடித்த கை அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"ஆமா" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அக்கா சமைத்த மீன் குழம்பை நான்தான் சாப்பிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் தொடவில்லை. எனக்கு ருசியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். என்னைப் பற்றி யாரும் நல்லபடியாக நினைக்க வேண்டாம்.

நாலாம் நாள் டாக்டரின் கார் தயார். டாக்டர் தானே ஓட்டிக்கொண்டு போனார். இரண்டாவது கியர் போட்டது போட்டபடி நின்றது. அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

"வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பலராமன் ஒர்க் ஷாப்னு இருக்கும். அவன் கிட்ட குடுத்துடு. டென்னிஸ் குடுத்தனுப்பினாருன்னு சொல்லு, போதும்."

பலராமன் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு எங்கேயோ இடித்தது. மாமாவுக்காக மேனேஜரிடம் சத்தியம் பண்ணினவர். தண்டலம் வந்த புதிதில் இரண்டு கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து அக்கா கையால் பிரியாணி சாப்பிட்டுப் போனவர். திருட்டுச் சாமானைத் தள்ளிவிடக் கூட்டாளி பிடித்திருக்கிறாரா என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். என் புத்தி அந்த அழகில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பலராமன் நல்ல சதைப்பிடிப்பாக, நெற்றியில் திருமண்ணோடு உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார்.

"தொடவே இல்லியே தம்பி. நான் வெச்ச கிரீஸ் அப்பிடியே கீது. வெச்சிக்கோன்னுதானே சொன்னேன், எதுக்குத் திருப்பி அனுப்பினான்?"

"அவுரு பொட்டிய எதுக்கு உங்க கிட்ட அனுப்பறாரு?" என்றேன்.

"அவன் பொட்டியா? நான்தாம்பா எடுத்தேன்."

டீ குடித்தாயா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். ஒரு சனிக்கிழமை, அடையாறில் யாருக்கோ தனி வேலை செய்ய ஒப்புக்கொண்டிருந்தாராம். பிஸ்கட் டின்னில் கைவிட்டு ஒரு டோக்கனை எடுத்து, பெட்டியை வாங்கிக்கொண்டு போனாராம். திங்கட்கிழமை திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்தாராம். திங்கட்கிழமை கேட் பூட்டு.

"நான் திருடல தம்பி. கேட்டு தொறந்திருந்தா வெச்சிருப்பேன்."

"அப்பறமா விசாரிச்சாங்களே, அப்ப ஏன் சொல்லல?"

"மொத நாளே சொல்லியிருந்தா சரி. மூணு வாரம் கழிச்சிச் சொன்னா எவன் நம்புவான்? அதான் டென்னிஸுக்கு நான் சத்தியம் பண்ணிக் காப்பாத்தினேனே. நான் மட்டும் பேசலைன்னா அவன் உள்ள போயிருப்பான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பண்ணினவர் அதற்கு நன்றியும் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிவிட்டு ஏப்பமும் விடுகிற ஜாதி.

அன்றைக்கு மாமா வந்தபோது என்ன பேசினார் என்று கேட்டேன். "பொட்டியப் பாத்தான். என்னப் பாத்தான். நான் நடந்தத சொன்னேன். சண்டை போடுவான்னு நெனச்சேன், போடல. 'இத என் பொண்டாட்டி கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்றியா'ன்னு கேட்டான். நான் வர்ல, பொட்டிய வோணா எடுத்துனு போய்க் காமி, நீயே வெச்சிக்கோன்னேன். கொயந்த மாதிரி தூக்கினு போனான்."

"இப்ப என்கூட வந்து சொல்லுங்க" என்றேன்.

"கம்பெனியே இல்ல. மேனேஜர் செத்துட்டாரு. இப்ப வந்து சொல்லி யாருக்கு இன்னா ஆவப்போவுது தம்பி" என்று அவர் டீ சொன்னார். நான் குடிக்கவில்லை. கைநீட்டி இரண்டு அறை விட்டுவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. போலீஸ்காரனிடம் மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்பது மட்டும் திரும்பி வருகிற பஸ்ஸில் விளங்கியது. இன்றைக்குத்தான் வாங்கினேன், திருட்டுப் போன பெட்டி, வேறொருவன் எடுத்தது என்று அந்த ஜூன் மாதத்தில் ஒரு கான்ஸ்டபிளிடம் சொல்லியிருந்தால், விடிய விடிய ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவிடம் காட்ட வேண்டியிருந்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பலராமனாடா" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்த மூஞ்சி கிடைத்துவிட்டது. பிறகு சொன்னாள்: "பன்னெண்டு வருஷம் நான் கேக்காத கேள்விடா அது. நீ வந்து ஒரு வார்த்த சொன்னே, நான் கேட்டுட்டேன்."

அவள் பட்டறைக்குப் போய் அவரிடம் பேசினாள். அவர் "பரவால்ல மேரி" என்றாராம். அவ்வளவுதான். சண்டை இல்லை, கோபம் இல்லை. வேளைக்கு வந்து சாப்பிடுகிறார், அவள் பரிமாறுகிறாள். ரோட்டில் லாரி முனகிக்கொண்டு போனால் எந்த கியர் என்று இப்போது சொல்வதில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேபி ஹிந்துஸ்தான் வந்தது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நான் அவர் முகத்தில் விழிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பட்டறைக்குப் போனேன். லாரி கியர் பாக்ஸ் ஒன்றைத் திறந்துபோட்டுக் குனிந்திருந்தார்.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"நீ இன்னாத்துக்கு மச்சான் மன்னிப்புக் கேக்கற? நீ மொதல்லேர்ந்தே அப்பிடித்தானே நெனச்சே. உன்கிட்ட நான் இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

கையிலிருந்த பேரிங்கைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தார்.

"என்னை நம்பினது உலகத்துல ஒரே ஒருத்தி. பொட்டி கெடைக்கிற வரைக்கும் நம்பினா. வெளிச்சத்த மறைக்காத, கொஞ்சம் நவுரு."

நான் நகர்ந்து நின்றேன்.